பதிவேட்டில் இல்லாத பெயர்

பத்தலுங்
23 மார்ச், புத்த வருடம் 2539

திப் அக்காவுக்கு,

“கூட யாராச்சும் வர்றாங்களாம்மா?” என்று ஹாட் யாய் ஓட்டலை நடத்தும் சீனக்கார ஜே கேட்டாள். என் அக்கா வருகிறாள். எல்லையிலுள்ள பாடாங் பெசாரிலிருந்து இரண்டு மணி வண்டியில், ஆறு வயதுப் பெண்ணோடு வருகிறாள். வந்து கேட்டால் மேலே அனுப்பிவிடுங்கள். இதை நான் சொல்லவில்லை. “யாரும் வரல” என்றேன்.

மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருந்தால், நீ வராமல் போனது அவளுக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பாள். அந்த ஒரு பார்வையிலிருந்து தப்பித்துக்கொண்டேன். உனக்காகக் காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான். அதை இன்னொருவர் பார்ப்பதுதான் பழகவில்லை.

கீழே கூடத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்பாய். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். மடியில் புத்தகம், பையில் வீட்டுப் பதிவேடு. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஓர் ஆள் அருகில் வந்து, “தங்கச்சி, எந்த ரூம்?” என்று கேட்டான். ஹாட் யாய் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டலில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவர்கள் வேறு எப்படிப் பார்ப்பார்கள்? மேலே போய்விட்டேன். அறை பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு சுவர். ஐந்து மணிக்குக் கீழே இறங்கி, மேசையை வேண்டுமென்றே மெதுவாகக் கடந்தேன். யாராவது வந்து கேட்டிருந்தால் ஜே சொல்லியிருப்பாள். அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நூடுல்ஸைப் பையில் வாங்கிக்கொண்டு திரும்பி ஏறினேன். பக்கத்து அறைச் சத்தத்தில் படிக்கக்கூட முடியவில்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்யும்வரை இருந்தேன்.

இது நீ கேட்டுச் செய்த ஏற்பாடு. உன் பெண் குங்கின் பெயரை என் வீட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அது இல்லாமல் எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள் என்று மூன்று கடிதம் எழுதியவள் நீ. அப்பாவுக்குப் பிறகு வீட்டுத் தலைவியாக என் பெயர் இருப்பதால் நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும், பெற்றவள் நீ பக்கத்தில் நிற்க வேண்டும். இங்கே மாவட்ட அலுவலகத்தில் துணை அலுவலர் எனக்காக வியாழக்கிழமை பத்து மணியை ஒதுக்கி வைத்திருந்தார். அம்மாவிடம் பேசி முடித்ததும் நான்தான். “கொழந்த வரட்டும், இங்கயே இருந்து படிக்கட்டும். அவ மட்டும் வாசல் வரைக்கும் வரக் கூடாது” என்றாள். அம்மா வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

அப்பா இறந்தபோதும் இப்படித்தான். மூன்று நாள் உடலை வைத்திருப்பதாக இருந்ததை உனக்காக ஐந்தாக்கினோம். ஐந்தை ஏழாக்கினோம். பிட்சுகள் ஏழு மாலை வந்து ஓதினார்கள். ஏழாம் நாள் நான்தான் கொள்ளி வைத்தேன்.

பள்ளி மே 16 திறக்கிறது. அதற்குள் பெயர் ஏறாவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். உன் பெண்ணுக்கு நீ செய்வது எனக்குச் செய்ததைப் போலவே இருக்கிறது.

லெக்

அலோர் ஸ்டார்
31 மார்ச்

லெக்,

நான் வந்தேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதியை நீ படிக்காமல் கிழித்துப் போட்டாலும் இது போதும்.

வண்டி தாமதம். ஓட்டலுக்கு வந்து சேர மூன்றரை. குங்குக்கு எல்லையிலேயே காய்ச்சல் தொடங்கிவிட்டது. நுழைவுச் சீட்டில் என் பெயருக்குக் கீழே ‘குழந்தை 1’ என்று எழுதுகிறவன் அவளை ஏற இறங்கப் பார்த்து, “இதுக்குப் பேரு இல்லியா?” என்றான். பெயர் வைக்கத்தான் போகிறோம் என்றேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடி மேசை முன்னால் நின்றேன்.

“என் தங்கச்சி வந்திருக்கா. விச்சுதா.”

ஜே நோட்டைப் பார்த்தாள். “அந்தப் பேர்ல யாரும் இல்ல.”

“நல்லாப் பாருங்க ஜே.”

“முப்பது வருஷமா நல்லாத்தான் பாத்துட்டிருக்கேன். உங்கண்ணுக்குத் தெரிஞ்சா நீயே பாரேன்.”

“கூப்பிடற பேரு லெக்.”

“லெக்கா? என் வீட்டுக்காரர் லெக். துணி தொவைக்கறவ லெக். நாலாவது மாடில ஒரு லெக் இருக்கார், அவருக்கு மீச இருக்கு. வேணுமா?”

பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். தனியா ஒரு பொண்ணு, கண்ணாடி போட்டிருக்கும், கையில புத்தகம் இருக்கும் என்று அடையாளம் சொன்னேன். அதற்கு அவள், தனியாக வந்த பெண்களைப் பற்றி யார் கேட்டாலும் இந்த ஓட்டலில் சொல்வதில்லை, யாரும் தன்னைத் தேடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை என்றாள். இப்போது புரிகிறது. “யாரும் வரல” என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஒரு கிழவியின் உதடு பிதுங்கக் கூடாது என்பதற்காக.

நீ பிறகு வருவாய் என்று நம்பி அங்கேயே அறை எடுத்தேன். வேறு எங்கே போவேன், அம்மா வாசலுக்கா? குங் இருமிக்கொண்டே இருந்தாள். ஆறு மணிக்கு ரயில் நிலையத்தில் தேசிய கீதம் போட்டார்கள். அது முடிந்த கையோடு பக்கத்து அறை ஆள் சுவரைத் தட்டினான். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு இருமலுக்கும். கடைசியில் நான் என் பெண்ணின் வாயைக் கையால் பொத்தினேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் வாயை. தட்டிய கை விளங்காமல் போகட்டும் என்று வாய்விட்டுச் சபித்தேன்.

காலை முதல் வண்டிக்குத் திரும்பிவிட்டேன். முதலாளி இரண்டு நாள்தான் விடுப்புக் கொடுத்திருந்தார், நீ இல்லாமல் மாவட்ட அலுவலகத்துக்குப் போயும் பயனில்லை. நீ வேலை பார்க்கும் பள்ளிக்குத் தொலைபேசி போட்டுப் பார்த்தேன். விடுமுறை, யாரும் எடுக்கவில்லை.

நான் வந்தேன். நீதான் வரவில்லை.

திப்

பத்தலுங்
6 ஏப்ரல்

அக்கா,

நீ எந்த ஓட்டலுக்குப் போனாய் என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே பச்சை ஜன்னல் வைத்த ஓட்டல்கள் மூன்று இருக்கின்றன. ஜே என்று கூப்பிடும் சீனக்காரி எல்லா மேசைக்குப் பின்னாலும்தான் இருக்கிறாள். அப்பா ரப்பர்த் தகடு விற்கப் போகும்போது தங்கும் ஓட்டல் என்று நான் தெளிவாக எழுதியிருந்தேன். உனக்கு அப்பா தங்கிய இடமும் மறந்திருக்கும்.

என் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. ஜேயிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆனால் ஏழு வருடத்தில் ஒருமுறைகூட வராதவள் அன்றைக்கு வருவாள் என்று நம்பாமல் போனது என் குற்றம் மட்டும்தானா? அந்த அவநம்பிக்கையை நான் எங்கிருந்து கற்றேன்?

குங்கின் காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம் தெரிய வேண்டும். உன் அறை எண் என்ன?

லெக்

அலோர் ஸ்டார்
11 ஏப்ரல்

லெக்,

காய்ச்சல் நின்றுவிட்டது. இருமல் இன்னும் இருக்கிறது.

அப்பா தங்கிய ஓட்டலேதான். படிக்கட்டுக்குக் கீழே பூமிதேவதைச் சன்னதி, அதன் முன்னால் சிவப்புப் பானம், உறிஞ்சுகுழல் போட்டது. ஒவ்வொரு சாவியிலும் சப்பாத்திக் கட்டை அளவுக்கு ஒரு மரத்துண்டு. அறைக் கதவில் துரியன் பழத்தின் படம் போட்டு, கொண்டுவராதே என்று அதன் மேல் சிவப்புக் கோடு. ஓட்டல் பெயரைச் சிவப்பு நூலில் தைத்த துண்டு, உடம்பில் பாதியைத்தான் துடைக்கும். போதுமா? போதாவிட்டால் ஜேயின் இடது காதில் தோடு இல்லை.

அடையாள அட்டைகளை அவள் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் வைத்திருக்கிறாள். அதைத் திறந்து முகங்களைக் காட்டுங்கள், என் தங்கச்சி முகம் எனக்குத் தெரியும் என்றேன். “இது ஓட்டல், சோசியர் வீடு இல்ல, சீட்டுப் பிரிச்சுப் பாக்க” என்றாள்.

உன் பெயரை நான் தப்பாகச் சொல்லியிருக்க வழியே இல்லை. அதை வைத்தவள் நான். நீ பிறந்தபோது எனக்குப் பதினொன்று. அம்மா படுத்த படுக்கை, அப்பாவுக்கு எழுத வராது, பதினைந்து நாளுக்குள் பதிய வேண்டும். ஊர்த் தலைவரின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து நான்தான் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். “பேரு என்ன?” என்று எழுத்தர் கேட்டார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் வகுப்பில் எப்போதும் முதலில் வரும் பெண்ணின் பெயர் விச்சுதா. அவளுக்கு வெள்ளைச் சட்டை, ஒரு கறையும் இருக்காது. நான் அவளாக ஆக முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். நீ ஆகலாம் என்று நினைத்தேன். ஆகவும் செய்தாய். வீட்டில் உன்னை யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. ஆனால் உன் பரீட்சைத் தாள் ஒவ்வொன்றிலும் அது இருந்தது. நான் எடுத்துப் பார்ப்பேன்.

அப்பாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாய். கேட்கவில்லை, குத்தினாய். அப்போது என்னிடம் எந்தச் சீட்டும் இல்லை. எல்லையைத் தாண்டினால் திரும்ப விட மாட்டார்கள். இந்தப் பக்கம் மூன்று வயதுப் பிள்ளை. அவள் அப்பன் அதற்கு முந்தின மாதமே ஜோகூருக்குப் போனவன், இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். பாடாங் பெசார் வரைக்கும் வந்து, எல்லைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நாள் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பினேன். இதை எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று எழுதவில்லை. இப்போதும் நம்ப வேண்டாம்.

அறை எண் எதற்கு? 308.

திப்

பத்தலுங்
17 ஏப்ரல்

அக்கா,

என் அறை 307.

சுவரைத் தட்டியது நான்தான். கையில் இருந்த புத்தகத்தின் முதுகால் தட்டினேன். குழந்தை இருமியது, ஒரு பெண் மலாயில் ஏதோ அதட்டினாள், மலாய்க் குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். நீ உன் பெண்ணிடம் மலாயில் பேசுவாய் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைவிட, உன் குரலை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டை மாதிரி ஒரு சுவர், அதற்கு அப்பால் நீ. நான் எரிச்சலோடு ஒரு நாவலின் நாற்பதாம் பக்கத்தையே மூன்று முறை படித்துக்கொண்டிருந்தேன். உன் சாபமும் காதில் விழுந்தது. மொழி புரியாததால் என்னை ஒன்றும் செய்யவில்லை. உன் கடிதத்தில் படித்தபோதுதான் செய்தது.

சொங்க்ரான் புத்தாண்டுக்கு ஊரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அம்மா கையில் வாசனைத் தண்ணீரை ஊற்றி ஆசி வாங்கும்போதும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுத்தான் போன கடிதத்தில் உன்னை வேறு ஓட்டலுக்கு அனுப்பப் பார்த்தேன்.

என் பெயர் விச்சுதா இல்லை. மூன்று வருடமாக இல்லை.

அப்பா இறந்த வருடம் நான் பள்ளி வேலைத் தேர்வில் இரண்டாம் முறையாகத் தோற்றேன். அம்மா என்னை விகாரைக்கு அழைத்துப் போனாள். பெரிய பிட்சு பெயரைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தார். “புதன்கிழமை பொறந்தவளுக்கு நடுவுல இந்த எழுத்து வரலாமா? யாரு வெச்சது?” என்று கேட்டார். அம்மா, “ஓடிப் போனவ வெச்சது” என்றாள். வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்த வாரம் மாவட்ட அலுவலகத்தில் பெயர் மாறியது. பிம்லதா. அடையாள அட்டையிலும் பதிவேட்டிலும் ஜேயின் நோட்டிலும் நான் பிம்லதா.

அம்மாவின் மேல் பழி போட்டுத் தப்பிக்க மாட்டேன். எழுத்து, கிழமை, தோஷம் எதையும் நான் நம்புவதில்லை. நம்பாத ஒருத்தி ஏன் தலையாட்டினாள் என்று நீ கேட்பாய். நீ விட்டுவிட்டுப் போன பெண்ணாக இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. வேறு யாராவதாக இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. அடுத்த தேர்வில் தேறினேன். படித்ததால்தான் தேறினேன். அம்மாவிடம் அதை இன்றுவரை சொல்லி ஜெயிக்க முடியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? கடிதத்தின் கீழே லெக் என்றுதானே கையெழுத்துப் போடுகிறோம், சொல்ல வேண்டிய கட்டாயமே வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. உனக்குத் தெரியாமல் உன்னிடமிருந்து ஒன்றை எடுத்து வீசிவிட்டேன் என்ற திருப்தி. இப்போது அது இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கும்போது உன் மேல் கோபம்தான் வருகிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க நின்றாய் என்கிறாய். ஒரு வரி எழுதியிருந்தால் அப்பாவின் ஏழு நாளும் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

லெக்

அலோர் ஸ்டார்
24 ஏப்ரல்

மதிப்புக்குரிய பிம்லதா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களை எனக்கு முன்பின் தெரியாது. எனக்குத் தெரிந்த பெண்ணின் பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லித்தான் காய்ச்சல் பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒரு மேசை முன்னால் பைத்தியக்காரி மாதிரி நின்றேன். அப்படி ஒரு ஆள் இல்லை என்று ஜே சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி.

சுவரைத் தட்டியதை மன்னித்துவிட்டேன். யார் என்று தெரியாமல் தட்டினீர்கள். மற்றதைத் தெரிந்தே செய்தீர்கள்.

இனி தங்களுக்குச் சிரமம் கொடுக்க மாட்டேன். என் பெண் இங்கே வெங்காயம் உரிப்பாள். நான் உரிக்கவில்லையா.

இப்படிக்கு,
டொம்யாம் சூப்புக் கடையில் பாத்திரம் கழுவும் திப்

பத்தலுங்
29 ஏப்ரல்

அக்கா,

‘தாங்கள்’ எல்லாம் உனக்குப் பொருந்தவில்லை. நாலு இடத்தில் எழுத்துப் பிழை. மரியாதையாகத் திட்ட வேண்டுமென்றால் அகராதியைப் பார்த்துத் திட்டு.

என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. அந்தக் குழந்தை என்ன செய்தது? அவள் வெங்காயம் உரிப்பாள் என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? நீ உரிக்கிறாய் என்பதனால்தானே அவள் உரிக்கக் கூடாது என்று மூன்று கடிதம் எழுதினாய். என்னைத் தண்டிக்க உன் கையில் அவளைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லையா? பெயரை மாற்றியது என் தப்பு. இது உன் தப்பு. இரண்டையும் சேர்த்துக் குழப்பாதே.

நேற்று ஹாட் யாய்க்குப் போனேன், ஜேயைப் பார்க்க மட்டும். நடந்ததைச் சொன்னேன். கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“யாரும் வரலன்னு நீதானேம்மா சொன்ன?”

“பொய் சொன்னேன் ஜே.”

“இங்க எல்லாரும் பொய்தான் சொல்வாங்க. பொண்டாட்டின்னு சொல்வான், பொண்டாட்டியா இருக்காது. தனியா வந்திருக்கேம்பான், ராத்திரி பாத்தா நாலு பேரு. நான் அதெல்லாம் கேக்கறதில்ல, அட்டைல இருக்கறத எழுதிக்குவேன். அட்ட உண்மையச் சொல்லும்னு நெனச்சேன். உன் அட்டையும் இப்படிப் பண்ணிருச்சே.”

பிறகு கடலைத் தோலை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “அந்தப் புள்ளைக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சுது. உங்கக்காகிட்ட கொஞ்சம் கடுசாத்தான் பேசிட்டேன். அவ அழுதிருந்தா டப்பாவத் தொறந்து காட்டியிருப்பேன். அழவே இல்ல, மொறச்சிட்டு நின்னா.”

அது நீதான். அந்த வரியைக் கேட்டபோதுதான் நீ வந்தாய் என்பதை முழுதாக நம்பினேன்.

துணை அலுவலர் இன்னொரு நாள் கொடுத்திருக்கிறார். மே 9, வியாழன், காலை பத்து மணி. இதற்கு மேல் கொடுக்க மாட்டார். அதனால் மே 8 புதன்கிழமை காலையிலிருந்து நான் ஓட்டலில் இருப்பேன். அறையில் இல்லை, கீழே கூடத்தில், மேசைக்கு நேர் எதிர் நாற்காலியில். யார் வந்து எந்த ரூம் என்று கேட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். ஜேயிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறேன். உன் பெயர், குங்கின் பெயர், என் இரண்டு பெயர்கள். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

குழந்தையின் பிறப்புச் சீட்டையும் முத்திரை போட்ட மொழிபெயர்ப்பையும் எடுத்து வா. சீட்டில் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை, இங்கே எழுதிக்கொள்வார்கள். நல்ல பெயராக யோசித்து வை. குங் என்று எழுத முடியாது. பள்ளிச் சான்றிதழில் யாரும் இறாலாக இருக்க முடியாது.

நீ வராவிட்டால் மூன்றாம் முறை கூப்பிட மாட்டேன்.

லெக்

அலோர் ஸ்டார்
4 மே

8ஆம் தேதி. அதே இரண்டு மணி வண்டி.

பிள்ளையின் பெயரை எழுத்தரிடம் நான் சொல்வேன். நான் சொல்லும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. சம்மதம் என்றால் நாற்காலியில் உட்கார். இல்லையென்றால் வீட்டிலேயே இரு.

திப்

பத்தலுங்
19 மே

அக்கா,

வாயைத் திறக்கக் கூடாது என்றாய். திறக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நீ அப்படிச் செய்திருக்கக் கூடாது. “புள்ள பேரு?” என்று எழுத்தர் கேட்டார். நீ என்னைப் பார்க்காமல், மேசை மேலிருந்த மைப் புட்டியைப் பார்த்துக்கொண்டு, “விச்சுதா” என்றாய். அவர் வீட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். எனக்கான பக்கத்தில் சிவப்பு மையில் அடித்த பெயரும் மேலே எழுதிய பெயரும் இருந்தன.

“இது அடிச்ச பேராச்சேம்மா?”

“அடிச்சது அவ. நான் அடிக்கல.”

“ஒரே வீட்ல அடிச்ச பேர மறுபடி எழுதறதா? யோசிச்சுக்கங்க.” அவர் பேனாவை மூடியே வைத்திருந்தார். “என்னிக்குப் பொறந்தது?”

“செவ்வாய்.”

எழுத்தர் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு கிழவர்களும் சேர்ந்து பார்த்தார்கள். “செவ்வாய்க்கு ஒண்ணும் பண்ணாது. புதனுக்குத்தான் ஆகாது” என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். பேனா திறந்தது. நீ அதை ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறாய், இல்லையா? அலோர் ஸ்டாரில் எந்தப் பிட்சுவிடம் போய்க் கேட்டாய்? எல்லாக் கோபத்துக்கு நடுவிலும் கிழமையைச் சரிபார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

வீட்டுத் தலைவி கையெழுத்து என்ற இடத்தில் நான் பிம்லதா என்று போட்டேன். அதற்கு மேல் வரியில் உன் பெண்ணின் பெயர். பழிவாங்கத்தான் அப்படிச் செய்தாய் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மறுபாதியைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

முந்தின நாள் ஓட்டலில் நாம் பேசியது எல்லாம் சேர்த்தால் பத்து வாக்கியம் இருக்காது. நீ உள்ளே வந்தாய். நான் எழுந்தேன். ஜே நோட்டைப் பார்க்காமலே, “இதோ இருக்கா உன் தங்கச்சி, எந்தப் பேர்ல வேணும்னாலும் கூப்பிட்டுக்க” என்றாள். நீயும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. “கண்ணாடி மாத்திட்டியா?” என்று மட்டும் கேட்டாய். அறையில் குங் சுவரைத் தட்டிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அவள் கையைப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் திருப்பித் தட்டவில்லை. அவள் தட்டட்டும் என்று நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வியாழன் மதியம் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் சந்தில் நீ நின்றுவிட்டாய். நாலு வீடு தாண்டினால் அம்மா. “இதுக்கு மேல வர மாட்டேன்” என்றாய். வா என்று நானும் சொல்லவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

மற்ற செய்திகள். அம்மா முதல் இரண்டு நாள் குங்கிடம் பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது, “இவ்ளோ அழுக்கு எங்கேர்ந்துடி கொண்டாந்த, எல்லையத் தாண்டியா?” என்று கேட்டாள். குங்குக்கு மலாயில்தான் பதில் வருகிறது. அம்மாவுக்குப் புரியவில்லை, ஆனால் திட்டிக்கொண்டே பேசுகிறாள். இருமல் முழுக்கப் போய்விட்டது.

16ஆம் தேதி பள்ளி திறந்தது. வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டேன். கொடியேற்றம் முடிந்து முதல் வகுப்பில் பெயர் கூப்பிட்டார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்தின் ஜன்னலிலிருந்து எனக்குக் கேட்டது. “விச்சுதா” என்று ஆசிரியை கூப்பிட்டார். நான் என் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். குங் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது கையைத் தூக்கினாள்.

லெக்